மாமாவுக்கு மாத்திரை வேண்டாம்

மாமா கண்ணை மூடினால் மாடி வீடு அக்கா மகனுக்கு. மாமாவுக்கு வேறு நாதியில்லை. அக்கா மகனுக்கு வேறு வேலையில்லை.

மாமா ஓய்வுபெற்ற டிரில் மாஸ்டர். ஊரையே ஓடவிட்டவரின் இதயம் இப்போது ஓடமாட்டேன் என்றது. கட்டிலைவிட்டு எழுந்தால் தலைசுற்றல். காலையில் ஆஸ்பத்திரி மாத்திரை, மாலையில் தெருமுனை வைத்தியரின் பச்சிலைப் பொடி என்று காலம் தள்ளினார்.

"பொடியைப் பத்திக் கேட்டா நான் வேண்டாம்னுதான் சொல்வேன். ஆனா மாத்திரையை மட்டும் நிறுத்தினீங்க, அவ்வளவுதான்!" என்று டாக்டர் விரலை ஆட்டி எச்சரித்தார்.

அது அக்கா மகன் காதில் தேனாகப் பாய்ந்தது.

"மாமா, மாத்திரையெல்லாம் ஒரே சூடு. பொடியே போதும். இயற்கை!"

"டாக்டர் திட்டுவாரேடா மாப்ளே?"

"நாம சொன்னாத்தானே?"

மாத்திரை சாக்கடைக்குப் போனது. மாமா மேலே போக இவன் காத்திருந்தான். மாடி அறைக்கு என்ன கலர் பெயின்ட் அடிப்பது என்பதுவரை முடிவாகிவிட்டது.

மாமா போனார். முதலில் வாசலுக்கு, பிறகு கடைத்தெருவுக்கு. தலைசுற்றல் இருந்த இடம் தெரியவில்லை. ஒரு நாள் பரண்மேல் ஏறி, பழைய விசிலையும் தேடி எடுத்துவிட்டார்.

"எழுந்திருடா சோம்பேறி! தொந்தியைப் பாரு, தொந்தியை! லெஃப்ட், ரைட்!"

தினமும் விடியற்காலையில் மாமா முன்னால் ஓட, இவன் நாக்குத் தள்ளப் பின்னால் ஓடினான். எமன் வந்தாலும் வரிசையில் நிற்கவைப்பார் போலிருந்தது. இப்படியே போனால் வீடு மாமாவுக்குத்தான், மாலை இவனுக்குத்தான்.

பொறுக்கமாட்டாமல் வைத்தியரின் சட்டையைப் பிடித்தான்.

"யோவ், மாத்திரையை அடியோட நிறுத்தியும் மனுஷன் குதிரையாட்டம் ஓடுறாரு. உன் பொடியில அப்படி என்னதான்யா இருக்கு? இங்க சொல்றியா, ஸ்டேஷன்ல சொல்றியா?"

ஸ்டேஷன் என்றதும் வைத்தியருக்கு முகம் வெளிறியது. ஓடிப்போய்க் கதவைச் சாத்தினார்.

"தம்பி, வயித்துல அடிச்சிடாதீங்க. பச்சிலையைப் பத்தி எனக்கு ஒரு எழவும் தெரியாது. ஆஸ்பத்திரியில தர்ற அதே மாத்திரையைத்தான் இடிச்சு, கலருக்குக் கொஞ்சம் இலைத்தூள் சேர்க்கறேன்."

பிறகு, இரு கைகளையும் கூப்பிக் கண் கலங்கினார்.

"ரெண்டு டோஸும் சேர்ந்து எப்பவோ போயிருக்கவேண்டிய மனுஷன் தம்பி, மாத்திரையை நிறுத்தி அவர் உயிரைக் காப்பாத்தினதே நீங்கதான்!"