சேவியர் அண்ணனின் பங்கு

மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானதற்கு ஆபீசில் இனிப்புக் கொடுக்க, தமயந்தி கடைக்குப் போனாள். அங்கே தராசிடம் பெயரைச் சொன்னால் போதும். ஆஸ்பத்திரிக் குறிப்பைப் பார்த்து, அவரவர் உடம்புக்கு எது ஆகும், எவ்வளவு ஆகும் என்று அதுவே சொல்லிவிடும். மேனேஜருக்குப் பாதி லட்டு. மற்றவர்களுக்குச் சர்க்கரையில்லாத பர்பி. சேவியர் அண்ணனுக்கு என்றைக்கும் வெறும் பொரிதான். யார் வீட்டு விசேஷமானாலும் அவர் அதைத்தான் கொறித்துக்கொண்டிருப்பார்.

இன்று அவர் பெயருக்குப் பச்சை விளக்கு எரிந்தது. "எதுவும் கொடுக்கலாம். அளவில்லை."

தமயந்தி பெயரை மறுபடி நிறுத்திச் சொன்னாள். மறுபடியும் பச்சை. அப்பாவுக்கும் கடைசி மாதத்தில்தான் இப்படி எரிந்தது.

நெய் ஒழுகும் மைசூர்பாகை மேஜையில் வைத்தபோது சேவியர் நம்பாமல் பார்த்தார்.

"தராசே விட்டுருச்சா?"

"ஆமாண்ணே."

"பாத்தியாம்மா, ஒடம்பு தேறிருச்சு." ஒரு விள்ளல் வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். மீதியைக் காகிதத்தில் மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "இத எம் பொண்டாட்டிட்ட காட்டணும். என் ரிப்போர்ட்டோட டாக்டரப் பாத்துட்டு வந்ததுலேருந்து ஏன்னுகூடச் சொல்லாம அழுதுக்கிட்டே கெடக்கா."