பதிமூணாவது தலை

"பன்னெண்டு குழந்தைக்குத்தான் லைசென்ஸ். ஒரு தல கூட இருந்துச்சுன்னா, இப்பவே இழுத்துப் பூட்டிடுவேன்!"

லைசென்ஸ் செக் பண்ண வந்த ஆபீசர் மேடம் உள்ள வரும்போதே கையில பூட்டு. செருப்பக் கூட இன்னும் கழட்டல.

கிரெச் நடத்துற அக்கா அடுப்ப அணைச்சுட்டு ஓடி வந்தாங்க. ரெண்டு ரூம், ஒரு சமையக்கட்டு, பன்னெண்டு வாண்டுங்க. கட்டுப்படியாகற மாதிரி இந்தப் பக்கம் வேற எடம் கெடையாது. இதையும் பூட்டினா, நாளைக்குப் பன்னெண்டு அம்மாக்களும் வேலைக்கு மட்டம்.

"கரெக்டா பன்னெண்டுதான் மேடம். நீங்களே எண்ணிக்கோங்க."

சமையக்கட்டு, பாத்ரூம் எல்லாத்தையும் டேப் வெச்சு அளந்து முடிச்சுட்டு, மேடம் எண்ண ஆரம்பிச்சாங்க.

லேசுப்பட்ட வேலையா அது? ஒண்ணு மேஜைக்கு அடியில. ஒண்ணு ஜன்னல் கம்பியில. 'சைரன்'னு அக்கா பட்டப்பேர் வெச்ச பாப்பா, மேடம் குரலக் கேட்டதுமே ஊத ஆரம்பிச்சிட்டா. அவளுக்குப் பக்கவாத்தியமா இன்னும் நாலு பேர்.

"ஏய், ஆடாம நில்லுங்க! ஏழு... எட்டு... டேய், உன்ன அப்பவே எண்ணிட்டேன்ல?"

"அது அவன் ஆன்ட்டி. நாங்க ரெட்ட."

மூச்சு வாங்க நிமிர்ந்தாங்க மேடம். "பதிமூணு!"

"ஐயோ, இருக்கவே இருக்காது மேடம்!"

"டிரைவர்! இங்க வா. நீ எண்ணு."

வாசல்ல மேடத்தோட ஜீப் பக்கத்துல நின்ன டிரைவர் ஓடி வந்தார். சுத்தி ஒரு பார்வை பாத்தார். "பன்னெண்டு மேடம்."

"வெரல நீட்டி எண்ணுய்யா!"

நீட்டி எண்ணினார். "பன்னெண்டேதான் மேடம்."

மேடம் எண்ணினா பதிமூணு. டிரைவர் எண்ணினா பன்னெண்டு.

"எட்டு வருஷமா வண்டி ஓட்டற. பன்னெண்டுக்கு மேல எண்ணத் தெரியாதாய்யா உனக்கு?"

அக்கா கை தட்டி எல்லாரையும் சுவத்தோரமா உக்கார வெச்சாங்க. ஒவ்வொரு தலையா தொட்டுக்கிட்டே போனாங்க. "வாலு... சைரன்... ரெட்டையில பெருசு... ரெட்டையில சிறுசு... கடிக்கிறவன்..."

கடைசியில மஞ்சக் கவுன் போட்ட ஒண்ணு, சமத்தா பொம்ம கார் ஓட்டிக்கிட்டு இருந்துச்சு. அக்கா கை அப்படியே நின்னுபோச்சு.

"இது... யாருன்னே தெரியலையே!"

"தெரியலையா? நல்லா இருக்கே கத! போறவங்க வர்றவங்க புள்ளையெல்லாம் உள்ள அடைச்சு வெச்சுக்கிட்டு, கேட்டா தெரியாதாம்! டிரைவர், வெளிய போ. நான் பூட்டணும்."

டிரைவர் நகரல. மஞ்சக் கவுன் எந்திரிச்சு வந்து அவர் கால கட்டிக்கிச்சு.

"அப்பா, இங்க சூப்பரா இருக்குப்பா. ஜீப் வேணாம்."

சைரன் கூட ஊதறத நிறுத்திடுச்சு.

"என் பொண்ணுதான் மேடம்," டிரைவர் தலையச் சொறிஞ்சார். "பின்னாடி ஃபைல் கட்டுக்கு நடுவுல படுக்க வெச்சிருந்தேன். பொம்மைங்களப் பாத்ததும் எறங்கி ஓடி வந்துட்டா. நான் வந்து தூக்கறதுக்குள்ள நீங்க எண்ண ஆரம்பிச்சிட்டீங்க."

மேடம் வேற வழியில்லாம ஃபைல்ல 'பன்னெண்டு, சரி'ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டாங்க. பூட்டு பைக்குள்ள போச்சு. அக்காவுக்குப் போன உசுரு திரும்பி வந்துச்சு.

ஆனா ஏறின கோவத்த எங்கயாவது எறக்கி வெக்கணுமே?

"அரசாங்க ஜீப்புல புள்ளைய ஒளிச்சு வெச்சுக்கிட்டு ஊர் சுத்துறியா? அப்பன்னா கொஞ்சமாவது பொறுப்பு வேணாம்? ஏதாவது ஒரு கிரெச்சுல கொண்டுபோய் விட வேண்டியதுதானே!"

டிரைவர் பொண்ணத் தூக்கித் தோள்ல சாச்சுக்கிட்டார்.

"விட்டுக்கிட்டுதான் மேடம் இருந்தேன். ஒரு தல கூட இருக்குன்னு போன வாரம் ஒண்ணப் பூட்டுனீங்களே, அங்கதான்."