நான்காவது நுரை

தோல் வாரில் கத்தி போய்வரும் சரக் சரக் சத்தம் நின்றதும், அடுப்பை அணைத்துவிட்டு வாஷ்பேசின் பக்கம் போய் நின்றேன்.

என் கணவர் கண்ணாடியைப் பார்த்து வலது கன்னத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தார். இன்றைய முறை, கொம்புப் பிடி போட்ட மடக்குக் கத்திக்கு. அவரிடம் இப்படி ஏழு இருக்கின்றன. எல்லாம் அவருடைய தாத்தா காலத்துச் சவரக் கத்திகள்.

பழைய சாமான்களை ஏலம் விடுவது அவர் தொழில். யார் வீட்டு அலமாரியோடோ வந்து சேரும் கத்திகளில் நல்லதாகப் பார்த்து வாங்கிவந்து, துருவை எடுத்து, கூர் தீட்டி, மெத்தென்ற துணியில் சுற்றி வைப்பார். என் பட்டுப்புடவைக்குக்கூட இந்த வீட்டில் அந்த மரியாதை கிடையாது. ஏழு சக்களத்திகள் என்று அவற்றுக்குப் பெயர் வைத்திருக்கிறேன்.

ஆனால் சக்களத்திகள் இல்லாவிட்டால் என் பாடு திண்டாட்டம்தான்.

ஏலம் விட்டுப் பழகிய வாய், வீட்டுக்கு வந்தாலும் ஓயாது. பல் வலிக்கிறது என்று நான் வாயெடுத்தால் போதும்.

“பல்லா? அன்னைக்கு எனக்குப் பல்லு பிடுங்கினாங்களே, அந்தக் கூத்தைக் கேளு!”

கேட்டு முடித்துவிட்டு நான் வலியோடு போய்ப் படுத்துக்கொள்ள வேண்டியதுதான். கெட்ட மனுஷன் இல்லை. பேச்சு அவரை இழுத்துக்கொண்டு போய்விடும், அவ்வளவுதான்.

மடக்குக் கத்தி முகத்தில் இருக்கும்போது மட்டும் அந்த வாய் திறக்காது. ஒருமுறை அரசியல் பேசிக்கொண்டே மேலுதட்டுக்குப் போனவர், காயம் ஆறும்வரை ஸ்ட்ரா போட்டுத்தான் காபி குடித்தார்.

அதனால் தினமும் காலையில் அந்த நேரம் என்னுடையது. சொல்ல வேண்டியது எல்லாவற்றையும் அப்போதுதான் சொல்வேன்.

இன்று சொல்ல வேண்டியது பெரிய விஷயம்.

நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவள். முதலாளியம்மா கடலோர ஊர் ஒன்றில் இன்னொரு கடை திறக்கிறார். அதை நான் நடத்த வேண்டுமாம். வாரம் முழுக்க அங்கே, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீடு. இன்று கடைக்குப் போனதும் பதில் சொல்லியாக வேண்டும். எனக்குப் போக ஆசை. அப்படி ஓர் ஆசை. ஆனால் இந்த மனுஷனைத் தனியாக விட்டுப் போக வேண்டுமே. அவர் முகம் வாடிவிட்டால் நான் போகமாட்டேன் என்பதும் எனக்குத் தெரியும்.

முதல் தடவை, மேலிருந்து கீழாக மழித்தார். நான் கேஸ் சிலிண்டர் தீரப் போவதைச் சொன்னேன்.

மறுபடி நுரை போட்டு, குறுக்காக மழித்தார். அக்கா மகள் கணக்கில் வாங்கிய மார்க்கைச் சொன்னேன்.

மூன்றாவது தடவை கீழிருந்து மேலாக. சமையலறைக் குழாய் ஒழுகுகிறது என்றேன். குழாய் ஒழுகவே இல்லை.

வழக்கமாக அத்தோடு சரி. முகத்தைக் கழுவுவார், படிகாரம் தேய்ப்பார், வாய் திறந்துவிடும். போச்சு என்று நினைத்தேன்.

கண்ணாடியில் என்னை ஒரு தரம் பார்த்தார். பிறகு பிரஷை எடுத்து நான்காவது தடவை நுரை போட ஆரம்பித்தார்.

பிழைத்தேன். கத்தி முகத்துக்கு வந்ததும் மூச்சை இழுத்துப் பிடித்துச் சொல்லிவிட்டேன்.

“ஏங்க, வேற ஊர்ல புதுக் கடை திறக்கிறாங்க. என்னைப் பாத்துக்கச் சொல்றாங்க. வாராவாரம் லீவுக்கு வந்துடுவேன். எனக்குப் போகணும்னு இருக்குங்க.”

கத்தி தொண்டைக்கு நடுவில் அப்படியே நின்றது.

பிறகு தலையாட்டினார். மேலும் கீழுமாக, நன்றாக, கழுத்தில் கத்தியை வைத்துக்கொண்டே.

“ஐயோ, ஆட்டாதீங்க!”

பாய்ந்துபோய் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். எனக்கு உயிரே போய்விட்டது.

ரத்தம் வரவில்லை. ஒரு கீறல்கூட இல்லை.

கிட்டத்தில் போனதால்தான் தெரிந்தது. கத்தியின் கூரான பக்கம் வெளியே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் கழுத்தில் பதிந்திருந்தது அதன் தடித்த முதுகு. மழிப்பதற்கு அங்கே ஒரு முடிகூட மிச்சம் இல்லை. நுரையை மட்டும் சும்மா வழித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த மாதம் ஞாபகம் வந்தது. தம்பி என்னோடு பேசாமல் போன நாட்களும். அப்போதெல்லாம் காலையில் நான் புலம்பப் புலம்ப, இவர் மழித்து முடிக்க ரொம்ப நேரம் ஆகும். கவலையில் இருக்கிற வீட்டில் இவருக்கு மட்டும் தாடி இப்படி அடர்த்தியாக வளர்கிறதே என்று மனசுக்குள் திட்டியிருக்கிறேன்.

அவரைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்போல் இருந்தது. அழவில்லை. எனக்குத் தெரிந்துவிட்டது என்று காட்டிக்கொண்டால் பேச ஆரம்பித்துவிடுவார்.

மணிக்கட்டை விட்டுவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

“காதுக்குக் கீழ இன்னும் கொஞ்சம் இருக்கு, பாருங்க” என்றேன்.