எதிர்மனுதாரரின் விலாசம்

மேசைக்கு அந்தப் பக்கம் கோர்ட்டுப் பதிவறை உதவியாளர் உமையொருபாகம். இந்தப் பக்கம் அவள். அவளுக்கு இடப்புறம், நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துப் போட்டு, அவளுடைய அப்பா.

நடுவில், நாடா கட்டிய ஒரு பழைய கட்டு. 1964. விவாகரத்து மனு. மனுதாரர் அவளுடைய தாத்தா. எதிர்மனுதாரர் ஞானப்பூ.

அந்தப் பெயரை அப்பா பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்தார்.

ஐந்து மாதமாக அவள் குடும்ப வரலாறு எழுதிக்கொண்டிருந்தாள். அடுத்த மாதம் அச்சுக்குப் போகிறது. மூன்றாம் பக்கத்தில் அப்பாவைப் பெற்றவள்: 'ஞானப்பூ. 1959இல் பிரசவத்தின்போது கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.'

அப்பா சொல்லி அவள் எழுதிய வரி.

வேதக்கோயிலின் கல்லறை அடக்கப் பதிவேட்டில் அந்தப் பெயர் இல்லை. முன்னும் பின்னும் மூன்று வருடம் பார்த்துவிட்டாள். பிறகு கல்யாணப் பதிவேட்டை எடுத்தாள். தாத்தாவின் இரண்டாம் கல்யாணம், 1965. 'நிலை' என்ற கட்டத்தில் தாரமிழந்தவர் என்று இல்லை.

விவாகரத்தானவர் என்று இருந்தது. பக்கத்தில் வழக்கு எண்.

செத்தவளை யாரும் கோர்ட்டுக்கு இழுப்பதில்லை.

அப்பாவிடம் காட்டினாள். நானும் வாரேன் என்றார். பேருந்தில் ஒன்றரை மணி நேரப் பயணம்.

உமையொருபாகம் கட்டைப் பிரிக்கவில்லை. உள்ளங்கையை அதன்மேல் வைத்திருந்தார்.

"நீங்க மூணாம் தரப்பும்மா. கட்சிக்காரங்க ரெண்டு பேருக்கும் இறப்புச் சான்றிதழ் வச்சா நகல் தந்துருவோம். தாத்தாவுக்கு வச்சிருக்கீங்க. பாட்டிக்கு?"

"இல்ல சார்."

"அப்போ காயிதப்படி ஆள் உயிரோட இருக்கு. நானா கொல்ல முடியாதுல்லா."

சிரித்தது அவர் மட்டும்தான்.

நோட்டீஸ் அனுப்ப வேண்டும் என்றார். மனுவில் கண்ட விலாசத்துக்கு, பதிவுத் தபாலில். ஆட்சேபம் இல்லை என்று பதில் வந்தால் நகல். ஆட்சேபம் என்றால் கட்டு திரும்ப அலமாரிக்கு.

நாடாவை அவிழ்த்து, முதல் தாளை மட்டும் அவள் பக்கம் திருப்பினார். மற்றதை அட்டையால் மூடிக்கொண்டார்.

தேவசகாயம் மகள் ஞானப்பூ, வயது 25, நடுத்தெரு, ஆனைவிளை.

விரலால் மேசையில் கூட்டிப் பார்த்தாள். இப்போது எண்பத்தாறு.

இருக்கக்கூடிய வயதுதான்.

"ஆனைவிளை எங்கப்பா இருக்கு?"

"யாருக்குத் தெரியும்" என்றார் அப்பா.

அவள் நோட்டீஸ் படிவத்தை நிரப்பினாள். பெயர். ஊர். உறவு என்ற கட்டத்தில் 'பேத்தி'. எழுதி முடித்து ஒரு முறை வாசித்தாள். மடித்து உறைக்குள் வைத்தாள். உறையின் மேல் விலாசம் எழுதினாள்.

உமையொருபாகம் எட்டிப் பார்த்தார்.

"பின்கோடு இல்லாம தபாலாபீஸ்ல வாங்க மாட்டான்."

அறுபத்து நாலில் ஏது பின்கோடு. அவள் செல்போன் வாசல் காவலரிடம் இருந்தது. உமையொருபாகம் பின்கோடு புத்தகம் எடுக்க எழுந்தார்.

அப்பா சொன்னார்.

ஆறு எண்கள். நிறுத்தாமல், எழுதி எழுதிப் பழகியவர் சொல்வதுபோல.

உமையொருபாகம் அலமாரிக்குப் பாதி வழியில் நின்றார்.

அவள் திரும்பவில்லை. எழுதினாள். நான்காம் எண்ணோடு கை நின்றுவிட்டது. மிச்சம் இரண்டையும் அப்பா மறுபடி சொன்னார்.



"செத்துட்டேன்னு சொல்லச் சொன்னதே அவங்கதாம்ளா" என்றார் அப்பா.

மின்விசிறி சுற்றியது. படிவத்தின் ஓரம் உறைக்கு வெளியே படபடத்தது. அவள் அதை உள்ளே தள்ளினாள். மடிப்பை ஒட்டவில்லை. உறையை மேசையில் வைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள்.

உமையொருபாகம் திரும்பி வந்து உட்கார்ந்தார். இப்போது அவளிடம் கேட்கவில்லை.

"என்ன செய்ய, அண்ணாச்சி? ரெண்டரைக்குத் தபால் கட்டிருவாங்க."

சுவரில் மணி இரண்டு இருபது.

அப்பா ஜன்னலைப் பார்த்தார். உறையைப் பார்த்தார். இரண்டு இருபத்தைந்து வரை பார்த்தார்.

"காது மந்தம். கதவைப் பலமாத் தட்டச் சொல்லி மேல எழுது" என்றார் அவளிடம்.

எழுதினாள்.

அப்பா கோந்துப் புட்டியைத் தன் பக்கம் இழுத்தார். மடிப்பில் தடவினார். ஒட்டினார். ஒட்டிய இடத்தைக் கட்டைவிரலால் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தேய்த்தார். பிறகு திரும்பவும் தேய்த்தார்.

பியூன் வந்து கை நீட்டினார்.

அப்பா கொடுத்தார்.