கட்டு மாற்றும் நேரம்

சலவைக்கூடத்தில் கொதிநீர்க் குழாய் வெடித்ததில் அவருக்கு இரண்டு கைகளும் வெந்துபோயின. வளர்ந்த பழைய வீட்டில் தனியாக இருக்கும் அக்காவிடம் அவர் சொல்லவில்லை. சொன்னால் சோறு தண்ணீர் இல்லாமல் கிடப்பாள்.

ஆஸ்பத்திரியில் தினமும் பத்தரைக்கு வலி மாத்திரை, பதினோரு மணிக்குக் கட்டு மாற்றுதல். புண்ணோடு ஒட்டிய துணியை நனைத்து நனைத்து எடுத்தாலும் உயிர் போய் உயிர் வந்தது.

"கண்ணை மூடிக்கிட்டு நீங்க வளர்ந்த வீட்டுக்குப் போயிட்டு வாங்க. மெதுவா, ஒவ்வொரு ரூமா," என்றாள் நர்ஸ்.

அவர் போனார். பன்னிரண்டு வருடமாக மிதிக்காத வாசற்படி. மாடியேறி, அக்காவும் அவரும் சண்டை போட்டுக்கொண்டே பாடம் படித்த அறையில், இறுகிக் கிடந்த ஜன்னலைத் தள்ளித் திறந்தார். காற்று வந்தது. வலி பாதியாகக் குறைந்தது. பிறகு தினமும் போனார்.

பத்தாம் நாள் அக்கா கூப்பிட்டாள். நர்ஸ்தான் போனை அவர் காதில் வைத்தாள்.

"டேய், தினமும் பதினோரு மணிக்கு மாடியில யாரோ நடக்குற சத்தம். போய்ப் பார்த்தா ஜன்னல் திறந்து கெடக்கு. உன் நடை மாதிரியே இருக்குடா. நீ நல்லாத்தானே இருக்கே?"

"எனக்கென்னக்கா, நல்லாத்தான் இருக்கேன்."

"சரி. வந்தா நேரா மாடிக்குப் போயிடாதே. நான் சமையல்கட்டுலதான் இருப்பேன்."

மறுநாள் நர்ஸ் துணியை நனைத்ததும், அவர் சமையல்கட்டுக்குப் போனார். அக்கா அடுப்படியிலிருந்து திரும்பினாள். தலை முழுக்க நரைத்திருந்தது. அவர் அதுவரை பார்த்திராத நரை.

அவள் அவருடைய கைகளைப் பார்த்தாள்.

"அடப்பாவி, எங்கிட்ட ஏன்டா சொல்லல?" என்றாள்.