நஞ்சனின் சட்டை

மலையடிவாரத்துப் பழங்குடி அருங்காட்சியகத்தில் வில்லோடு நிற்கும் சிலைக்கு நஞ்சனின் முகம். சிற்பி அவனை எதிரில் உட்காரவைத்துத்தான் அதைச் செய்தார். அன்று நஞ்சன் சட்டை போட்டிருந்தான். சிலைக்கோ இடுப்பில் ஒரு துணி மட்டும்.

நஞ்சன் இறந்த பிறகுதான் அவன் மனைவி மருதி அதைப் பார்க்க வந்தாள். அவன் ஒரு போட்டோகூட எடுத்துக்கொண்டதில்லை. அவன் முகம் வேறெங்கும் இல்லை.

தடுப்புக் கயிற்றைத் தாண்டிப் போய், பையிலிருந்து அவனுடைய நீலச் சட்டையை எடுத்தாள். சிலையின் கை மடங்கவில்லை. தோளில் போர்த்தி, கழுத்துப் பொத்தானை மட்டும் போட்டுவிட்டாள்.

காவலாளி ஓடி வந்தார். “என்னம்மா பண்றீங்க?”

“என் வீட்டுக்காரருங்க இவரு. சட்டை இல்லாம வாசலுக்குக்கூட வரமாட்டாருங்க.”

காவலாளி சிலையையும் அவளையும் மாறிமாறிப் பார்த்தார். குரலைத் தணித்துக்கொண்டு, “பள்ளிக்கூடப் பிள்ளைங்க வர்ற நேரம். சட்டை போட்டிருந்தா பழங்குடின்னு அதுங்களுக்கு எப்படிம்மா தெரியும்?” என்றார்.

மருதி சிலையின் கழுத்துக்குக் கையை நீட்டினாள். பொத்தானைக் கழற்றினாள்.

பிள்ளைகள் கூச்சலோடு உள்ளே வந்து சிலையைச் சூழ்ந்துகொண்டார்கள். யாரோ தொப்புளைக் காட்டிச் சிரித்தார்கள். மருதி சட்டையை மார்போடு அணைத்தபடி ஓரமாக நின்றாள். அவன் முகத்தை நிமிர்ந்து பார்க்க அவளால் முடியவில்லை.