பரந்தாமனை எடுத்துடுங்க

"பரந்தாமனை எடுத்துடும்மா," என்றார் பேராசிரியர் ஜானகிராமன்.

செலின் டைப்ரைட்டரிலிருந்து கையை எடுத்தாள். "இன்னா சார், விளையாடறீங்களா? முப்பது பேரையும் நம்பர் போட்டு அடிச்சு முடிச்சாச்சு. நாலாவது ஆளைத் தூக்கினா அதுக்குக் கீழ எல்லா நம்பரும் மாறும். கட்டுரைக்குள்ள இருக்கிற நம்பரையும் ஒண்ணொண்ணாத் திருத்தணும்."

"வேற வழியில்லம்மா. பத்திரிகைக் கடிதத்தோட கடைசி வரியைப் படிச்சுப் பாரு."

பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, மருந்துக் கடைக்கு மாடியில் இருந்தது செலினின் ஜாப் டைப்பிங் கடை. பாரிவாக்கம் ஏரியின் பாசிகளைப் பற்றி ஜானகிராமன் எழுதிய கட்டுரையைப் போன மாதம் வேறொரு கடையில் அடித்து அனுப்பியிருந்தார்கள். விஷயம் பிரமாதம், மேற்கோள் பட்டியல்தான் எங்கள் முறைப்படி இல்லை என்று டெல்லிப் பத்திரிகை அதைத் திருப்பி அனுப்பிவிட்டது. குடும்பப் பெயர் முதலில் வர வேண்டுமாம். நம் ஊரில் குடும்பப் பெயருக்கு எங்கே போவது? இனிஷியலை விரித்து முன்னால் போட்டு, மிச்சத்தைச் சுருக்கிப் பின்னால் தள்ளி, முழுக் கட்டுரையையும் செலினிடம் புதிதாக அடிக்கக் கொடுத்து, காலையெல்லாம் மல்லுக்கட்டி ஒருவழியாக முடித்திருந்தார்கள்.

இரண்டாவது நிபந்தனை இப்போதுதான் அவர் கண்ணில் பட்டது. அச்சில் வராத எதுவும் பட்டியலில் இருக்கக் கூடாது. பரந்தாமன் என்ற பெயருக்கு எதிரே இருந்ததோ, பல்கலைக்கழக அலமாரியில் தூசி படிந்து கிடக்கும் ஓர் ஆய்வேடு.

"பட்டியல்ல வேணாம்னா போகட்டும் சார். உள்ள அவர் பேரு இருக்கட்டுமே?"

"பட்டியல்ல இல்லாத ஆளை உள்ள சொல்லக் கூடாது."

செலினுக்குச் சுருக்கென்றது. அடிக்கும்போதே அந்தப் பரந்தாமன் மேல் அவளுக்கு ஒரு மரியாதை வந்திருந்தது. "பக்கத்துக்குப் பக்கம் அவர்தான சார் வராரு! வருஷம் பூரா ஏரியில இறங்கித் தண்ணி எடுத்தது பரந்தாமன். கணக்குப் போட்டது பரந்தாமன். அவரைத் தூக்கிட்டா இதெல்லாம் யாரு செஞ்சதுன்னு வரும்?"

"பொதுவா, 'கண்டறியப்பட்டது'ன்னு போட்டுடலாம்."

"யாரு கண்டுபிடிச்சதுன்னு கேப்பாங்களே?"

"நான்னு நினைச்சுப்பாங்க." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்த ஆய்வேடு அப்பவே அச்சுல வந்திருக்கணும். நான் கொஞ்சம் ஒத்தாசையா இருந்திருந்தா வந்திருக்கும். அன்னைக்கு எனக்கு என் வேலைதான் பெரிசாத் தெரிஞ்சுது. இப்ப நினைச்சு என்ன பிரயோஜனம்?"

இவ்வளவு வருத்தப்படுகிறவர், அந்தப் பேரை விட்டுவைக்க வேண்டியதுதானே என்று செலினுக்கு எரிச்சலாக வந்தது. பக்கத்து ஸ்டூலில், பழைய பிரதியை மடியில் வைத்துக்கொண்டு அவர் மனைவி தாட்சாயிணி உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து பெயர்களை மாற்றிப்போட்டு வரி வரியாகப் படித்துச் சொன்னவள் அவள்தான். வாயில் நுழையாத பாசிப் பெயர்களைக்கூடத் தங்குதடையில்லாமல் படித்தாள். பேராசிரியர் மனைவி என்றால் சும்மாவா என்று செலின் நினைத்துக்கொண்டாள்.

"நீங்களாவது சொல்லுங்கக்கா."

தாட்சாயிணி தலை நிமிரவில்லை. "எடுத்துடு செலின். இன்னைக்குத் தபால்ல போகலைன்னா இந்த வருஷம் கட்டுரை வராது. அவர் துறைத் தலைவர் ஆகறது இதை நம்பித்தான் இருக்கு."

புருஷன் என்றால் பொண்டாட்டிக்கு நியாயம்கூடக் கண்ணில் படாது போலிருக்கிறது. செலின் பட்டியலைப் புதுத் தாளில் மறுபடி அடித்தாள். உள்பக்கங்களில் நம்பர்களைத் திருத்தி, பரந்தாமன் வந்த இடத்திலெல்லாம் வெள்ளை மையைத் தடவி, அது காயும்வரை ஊதி, மேலே 'கண்டறியப்பட்டது' என்று அடித்தாள். தாட்சாயிணி ஒவ்வொரு இடமாக விரல் வைத்துக் காட்டிக்கொண்டே வந்தாள். ஒன்றுகூட விட்டுப்போகவில்லை.

கவரை ஒட்டியதும் ஜானகிராமன் தபால் ஆபீசுக்கு ஓடினார். கலைந்து கிடந்த பழைய தாள்களை தாட்சாயிணி பொறுக்கி அடுக்கினாள்.

செலினுக்கு மனசு ஆறவில்லை. "என் கையாலதானக்கா அழிச்சேன், ஒரு மாதிரியா கீது. நாளைக்கு அந்த மனுஷன் இதைப் படிச்சுட்டு, 'அய்யா, இது என் உழைப்பாச்சே'ன்னு வாசல்ல வந்து நின்னா சார் இன்னா பதில் சொல்வாரு?"

"வரமாட்டாங்க."

"ஏன்க்கா, செத்துட்டாரா?"

தாட்சாயிணி அடுக்கிய தாள்களை மடியில் தட்டிச் சமன் செய்தாள்.

"பரந்தாமன் எங்கப்பா, செலின். திருமழிசையில ஏர் ஓட்டிக்கிட்டு இருக்காரு, மாட்டைக் குளிப்பாட்டத் தவிர எந்த ஏரியிலயும் இறங்கினதில்லை," என்றாள். "அந்த ஆய்வேட்டை நான் எழுதினப்போ எனக்குக் கல்யாணம் ஆகலை, அப்பா பேருதான் என் இனிஷியல்."